கல்லில் ஓர் 'அமைதி காக்கவும்'

"சார், எழுத்தைச் செதுக்கச் சொன்னேன். நீங்க ஒட்ட வெச்சிருக்கீங்க!"

போனில் நூலகர் அம்மாவின் குரல். அச்சகத்தின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த டிசைனருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. நூலகத்துச் சுவரில் ஒட்ட ஒரு பெரிய ஸ்டிக்கர். 'அமைதி காக்கவும்' என்பது கருங்கல்லில் உளியால் செதுக்கியது போலத் தெரிய வேண்டும். கல் படத்தை எடு, மேலே எழுத்தைப் போடு, எழுத்துக்குள் நிழலைத் தள்ளு, விளிம்பில் வெளிச்சத்தைத் தடவு. அரைமணி நேரச் சமாச்சாரம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அடடா! கல்லின் மேல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுகிறது. எழுத்துக்கு இவர் காட்டிய வெளிச்சமோ வலப்பக்கமிருந்து. பள்ளமாக இருக்க வேண்டிய எழுத்து மேடாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது.

எழுத்தின் வெளிச்சத்தைத் திருப்பியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அவசரத்தில் மனுஷன் கல்லையே திருப்பிவிட்டார். ஓரத்தில் சிவனே என்று கிடந்த விரிசல் நேராக வந்து 'அமைதி'யின் குறுக்கே நின்றது.

"என்ன சார், அமைதியைப் பொளந்துட்டீங்க?"

விரிசலை அழித்தார். கல் வழவழவென்று ஆகிவிட்டது.

"சோப்புல நகத்தால கீறின மாதிரி இருக்கு சார்."

சொரசொரப்பைக் கூட்டினார்.

"இப்போ எலி கொறிச்ச மாதிரி இருக்கே."

ஆழத்தைக் கூட்டினார்.

"ஐயோ, எட்டிப் பார்த்தா தலை சுத்துது. படிக்க வர்ற பிள்ளைங்க உள்ள விழுந்துடப் போகுதுங்க!"

இந்தம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாரே என்று முதல் மூன்று நாள் டிசைனருக்கு எரிச்சல்தான். நான்காம் நாள் பதினொரு மணியாகியும் அழைப்பு வரவில்லை. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டார்.

மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். தூரத்து ஊரில் இருக்கும் மகனுக்குப் பத்து வரி எழுதி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும். அச்சகத்திலும் வேலை எல்லாம் துண்டுச் சீட்டில்தான் வரும். தன் குரல் எப்படி இருக்கும் என்பதே மனுஷனுக்கு மறந்து போயிருந்தது, பாவம்.

அந்தம்மா திருத்தம் சொல்வதற்கு முன்னால் "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்பார். பொய் சொல்ல மனசு வராமல், அழைப்பு வருவதற்குள் சாப்பிட்டு வைக்க ஆரம்பித்தார் டிசைனர்.

ஒன்பதாம் நாள் வினை வந்தது. படம் சரியாக அமைந்துவிட்டது. உளி பட்ட தடம், உதிர்ந்த விளிம்பு, தொட்டால் விரல் உள்ளே போய்விடும் போல ஒரு பள்ளம். அனுப்பப் போனவர் நிறுத்திக்கொண்டார். இதை அனுப்பினால் அந்தம்மா 'நல்லா இருக்கு' என்பார். அத்தோடு போன் அடங்கிவிடும்.

நல்ல படத்தைத் தனியாகச் சேமித்து வைத்தார். பிறகு திருட்டு முழி முழித்துக்கொண்டு இரண்டு எழுத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் கெடுத்து அனுப்பினார்.

"வெளிச்சம் பிரமாதம் சார்! ஆனா கல்லுதான் ரொம்ப இளசா இருக்கு. கொஞ்சம் வயசாக்குங்களேன்."

போட்ட தப்பை விட்டுவிட்டுப் போடாத தப்பைப் பிடித்திருக்கிறார்! டிசைனருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எத்தனை வயசு வேணும்மா?"

"நம்ம வயசு இருக்கட்டும்."

அந்தக் கல்லுக்கு வயசாக்குவதிலேயே மேலும் பல நாள் ஓடியது.

ஒருநாள் காலை முதலாளி தலையை நீட்டினார். "ஏன்யா, மூணு வாரமா ஒரு ஸ்டிக்கரா? நிஜக் கல்லைச் செதுக்கியிருந்தாக்கூட இந்நேரம் ரெண்டு கோட்டை கட்டியிருக்கலாம்!"

"இன்னும் ஒரு திருத்தம் பாக்கி சார்..."

"ஒட்டிட்டா ஒரு திருத்தமும் வராது."

முதலாளியே அந்த நல்ல படத்தைத் தேடியெடுத்து அச்சடித்து, ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு போன் அடிக்கவில்லை. தானே கூப்பிடலாமா என்று நாலு தரம் எடுத்தார், நாலு தரமும் வைத்தார். கூப்பிட்டு என்ன சொல்வது? திருத்தமில்லாமல் பேச அவர் யார், இவர் யார்? மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஐம்பத்தாறு வயசு ஆம்பிளை ஒரு ஸ்டிக்கருக்காக அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயந்திரம் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர், கொண்டுபோன சுருளை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏன், ஒட்டலையா?"

"எங்க சார் ஒட்டறது? அங்க நிஜக் கருங்கல்லுலயே செதுக்கிச் சுவத்துல பதிச்சு மூணு வாரம் ஆச்சாம். அப்புறம் இது எதுக்கும்மான்னு கேட்டா, 'அது கிடக்கட்டும், நிழல் இன்னும் சரியில்ல, அவரை எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க'ன்னாங்க!"