நெவெனாவின் சிலந்தி

புதிய சிலந்திக்கும் வேறு ஒருத்தியின் பெயர்தான்.

"யாரு இந்த எலிட்சா?" என்று கேட்ட நெவெனா, விலங்கியல் இதழைக் கணவரின் பனிட்சாப் பலகாரத் தட்டின் மேலேயே போட்டாள்.

லூபென் ஸ்தாமெனோவ் அருங்காட்சியக இயக்குநர். டான்யூப் கரையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் அவருக்கென்று ஒரு புதுச் சிலந்தி உட்கார்ந்திருக்கும். கண்டுபிடித்தவர் தன் பெயரையே அதற்கு வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் அநாகரிகம். வேண்டியவர்கள் பெயரை வைக்கலாம். போன வருடம் ரைனா. அதற்கு முன் த்ஸ்வெத்தா. ஆண்கள் பெயர்களும் இருந்தன. நெவெனா அவற்றைக் கண்டுகொள்ளவில்லை.

"எனக்கு வேண்டியவ," என்றார் லூபென், சிலந்திப் படத்திலிருந்து பாலாடைக் கட்டியை வழித்தபடி.

"இப்ப எங்க இருக்கா?"

"ரொம்பத் தூரத்துல."

"ஓ, வெளிநாடா! கட்டின பொண்டாட்டி பேரை ஒரு கொசுவுக்காவது வெச்சியா?"

"உனக்கு என்ன நெவா அவசரம்?"

மறுநாள் அவள் நேரே அருங்காட்சியகத்துக்குப் போனாள். வாயிற்காவலர் மெத்தோதி, பாடம் செய்த கரடிக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"மெத்தோதி, ரைனாவைத் தெரியுமா உங்களுக்கு?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "தெரியாமலா? தங்கமான பொம்பளைம்மா. அவங்க பேரை எடுத்தா ஐயா இப்பவும் கண் கலங்குவாரு."

"எலிட்சா?"

"அடடா, அந்தம்மா சிரிப்பு! ஐயா மேஜையில படமே இருக்கே, பாக்கலியா?"

பார்த்தாள். பார்க்காமலே வீட்டுக்குப் போயிருக்கலாம். எலிட்சா அழகாக இருந்தாள். படத்தின் சட்டத்தில் ஒரு காய்ந்த பூ வேறு.

அன்று முதல் லூபெனுக்குப் படுக்கை சோபாவில். பனிட்சா நின்றுபோனது. சமாதானத்துக்கு அவர் ரோஜா வாங்கி வந்தார். ஒற்றைப்படையில்தான் வாங்கினார், பஸ் நெரிசலில் ஒன்று ஒடிந்து விழுந்ததைக் கவனிக்கவில்லை. நெவெனா எண்ணினாள்.

"ஆறு! இரட்டைப்படைப் பூவை எங்க வைப்பாங்க? கல்லறையில! என்னை அனுப்பிட்டு அவளைக் கூட்டிட்டு வரலாம்னு பாக்கறியா?"

லூபென் அவசரமாக ஒரு ரோஜாவைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் திணித்தார். "இப்ப அஞ்சு."

"எனக்குப் பூ வேண்டாம். சிலந்தி வேணும்!"

"சரி, வைக்கிறேன். மனசே இல்லாமத்தான் வைக்கிறேன்."

அந்த 'மனசே இல்லாம' அவளைச் சுட்டது. ஆனாலும் சிலந்தி சிலந்திதானே.

வசந்தத்தில், லூபென் கல் புரட்ட மலைக்குப் போயிருந்த வாரத்தில், இதழ் வந்தது. வெள்ளிக் கால்கள் கொண்ட சிலந்தி. கீழே அவள் பெயர். நெவெனா அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். நீலக் கவுனை மாட்டிக்கொண்டு, வாழ்த்த யார் வருவார்கள் என்று காத்திருந்தாள்.

சனிக்கிழமை அழைப்பு மணி அடித்தது. வாசலில் மெத்தோதி. அவர் பின்னால் அருங்காட்சியகமே திரண்டு நின்றது. எல்லோரும் கறுப்பு உடையில், கைகளில் வெள்ளை லில்லி. அவளைக் கண்டதும் கணக்காளரின் கையிலிருந்த ரக்கியா மதுப் புட்டி நழுவி உடைந்தது.

நெவெனா பெருமையோடு மெத்தோதியிடமிருந்து பூங்கொத்தை வாங்கினாள். வழக்கம்போல எண்ணினாள். பத்து.

"பொறாமை பிடிச்சவங்களா! அந்த ரைனாவுக்கும் எலிட்சாவுக்கும் இப்படித்தான் கொண்டு போனீங்களா?"

மெத்தோதி தொப்பியைக் கசக்கினார்.

"இப்படியேதாம்மா கொண்டு போனோம். ஐயா இதுவரைக்கும் செத்தவங்க பேரைத் தவிர வேற யார் பேரையும் வெச்சதே இல்லியே!"