எட்டு மணி வண்டி

மூன்றாவது ஸ்பூனும் மேசைக்கு அடியில் விழுந்தது.

"இரு, நான் எடுக்கறேன்," என்று மருந்துக்கடைக்காரர் குனிந்தார்.

"எடுத்தது போதும். நீங்க எடுக்க எடுக்க அவனுக்கு அது விளையாட்டாப் போச்சு," என்றாள் மனைவி.

சின்னவன் அவள் மடியில் நின்றுகொண்டு நாலாவது ஸ்பூனைக் கண்ணால் தேடினான். ஒன்றரை வயது. ஒரு கையில் அம்மாவின் தலைமுடி. இன்னொரு கை காலியாக இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. பெரியவள், ஐந்து வயது, மேசைக்கு அடியில் உட்கார்ந்து அப்பாவின் செருப்புக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மனைவியின் முன்னால் சூப் இருந்தது. வந்தபோது ஆவி பறந்தது. இப்போது மேலே ஆடை கட்டியிருந்தது.

ஊரை விட்டுக் கிளம்பும்போது அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "இந்தப் பயணத்துல ஒரு வேளையாவது நீ சுடச்சுட, ரெண்டு கையும் உன் கையா இருக்க, நிம்மதியா சாப்பிடுவே. என் பொறுப்பு."

நாள் முழுக்க ஊராருக்கு 'சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்' என்று எடுத்துச் சொல்கிற தொழில் அவருடையது. அவர் வீட்டில் மனைவிக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் இருந்தது. நடுவில் இருக்க வேண்டியது பெரியவள் பிறந்ததிலிருந்து காணவில்லை.

நேற்று மதியம், தட்டு மேசையைத் தொட்ட அதே நொடியில் பெரியவளுக்கு பாத்ரூம் வந்தது. நேற்று ராத்திரி சின்னவன் அவள் வலது கை மேலேயே தூங்கிப்போனான். எழுப்பும் துணிச்சல் யாருக்கும் இல்லை. இன்று மதியம் அவரே அவனை வெளியே தூக்கிப் போய்ப் புறா காட்டினார். புறா பறந்துவிட்டது. அவன் போட்ட கூச்சலில், கடத்தல்காரனிடமிருந்து பிள்ளையை மீட்பதுபோல் வழியில் போன இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பின்னாலேயே மனைவியும் ஓடி வந்தாள், வாயில் முதல் கவளத்தோடு.

இது கடைசி வேளை. விடிந்தால் பஸ்.

"பரவாயில்லைங்க," என்றாள் அவள், ஆடையை ஸ்பூனால் ஒதுக்கிக்கொண்டே. "ஆறினாலும் சூப் சூப்புதானே."

அவள் கோபப்பட்டிருந்தால் அவர் சமாளித்திருப்பார். இந்தப் 'பரவாயில்லை'தான் ஆளைக் கொன்றது. கையைத் தூக்கி சர்வரைக் கூப்பிட்டார்.

"மத்த ஐட்டமெல்லாம் எப்ப வரும்?"

"அடுப்புல இருக்கு சார். இதோ வந்துடும்."

அந்த 'இதோ' எவ்வளவு நீளம் என்று மூன்று வேளையாக அவருக்குத் தெரியும். பஸ் என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் போங்கள் என்பார்கள். ரயில் என்றால்தான் மரியாதை.

"கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும்ப்பா. நாங்க ரயிலைப் பிடிக்கணும்."

"ரயிலா சார்?"

"ஆமா. எட்டு மணி வண்டி."

நெட்டையான அந்த சர்வர் அவரைப் பார்த்தார். சின்னவனைப் பார்த்தார். ஆடை கட்டிய சூப்பைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் சார்," என்று மேனேஜரிடம் ஓடினார்.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அப்பா! நாம ரயில்லயா போறோம்?"

வரும்போதே அவள் ரயில்தான் வேண்டும் என்று அழுதவள். 'டிக்கெட் கிடைக்கலைடா கண்ணு' என்று அப்போது சொல்லியிருந்தார். டிக்கெட் இருக்கிறதா என்று அவர் பார்க்கவே இல்லை. பஸ் நிலையம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், அவ்வளவுதான் காரணம்.

"என்ன ரயில்?" என்றாள் மனைவி, உதடு அசையாமல்.

"சும்மா சொன்னேன். சாப்பாடு சீக்கிரம் வரட்டும்னு."

"இவகிட்ட யார் சொல்றது?"

"தூங்கி எழுந்தா மறந்துடுவா."

"யாரு, இவளா? போன வருஷம் வாங்கித் தரேன்னு சொன்னீங்களே ஒரு கிளி, அதுக்கு இன்னும் பேர் யோசிச்சிட்டு இருக்கா."

அதற்குள் மேனேஜரே வந்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். சிரித்துப் பழக்கமில்லாத முகம்.

"எட்டு மணி வண்டியா சார்?"

"ஆ... ஆமா."

"அந்த வண்டி லேட்டே ஆகாதே," என்றார் மேனேஜர் கவலையாக. "ஸ்டேஷன் வேற தள்ளி இருக்கு. நீங்க பதறாதீங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி இரண்டு தடவை கை தட்டினார்.

அதன் பிறகு நடந்ததை மருந்துக்கடைக்காரரால் நிறுத்த முடியவில்லை. வறுத்த மீன், சோறு, சுட்ட ரொட்டி, உருளைக்கிழங்கு, பிள்ளைகளுக்கான ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து மேசையில் இடம் பிடித்தன. எல்லாம் கொதித்தன, ஐஸ்கிரீமைத் தவிர. அதுவும் பக்கத்து மீன் தட்டின் சூட்டில் உருகத் தொடங்கியது. சின்னவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மீனை நோக்கிப் பாய்ந்தான். மனைவி இரண்டு கையாலும் அவனைக் கட்டிப் பிடித்தாள்.

சூடான சாப்பாடு வந்தாகிவிட்டது. இரண்டு கைதான் இல்லை.

"இவனை என்கிட்ட குடு," என்று அவர் கை நீட்டினார்.

"நீங்க முதல்ல அவளைப் பிடிங்க!"

பெரியவள் வாசலில் நின்றாள். செருப்பு மாட்டி, தன் குட்டிப் பையைத் தோளில் போட்டு, கதவை ஒரு கையால் திறந்து பிடித்திருந்தாள்.

"கண்ணு, வந்து சாப்பிடு."

"வண்டி போயிடும்ப்பா!"

"போகாது. நேரம் இருக்கு."

"லேட்டே ஆகாதுன்னு அந்த மாமா சொன்னாரே! எனக்கு ஜன்னல் சீட். தம்பிக்குக் கிடையாது."

அவளை அவர் தூக்கிக்கொண்டு வந்தார். வரும் வழியில் அவள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். எதிரே அவர்கள் தங்கியிருந்த லாட்ஜ். முதல் மாடி பால்கனிக் கொடியில் ஒரு சின்ன ஜட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"அப்பா, தம்பி ஜட்டியை எடுக்காமலே போறோமா?" ஹோட்டல் முழுக்கக் கேட்டது.

"ஷ்ஷ். அது வேற யாரோடதோ."

"யானை போட்டிருக்குப்பா. தம்பியோடதுதான்."

பில்லோடு நின்றிருந்த மேனேஜர் பால்கனியைப் பார்த்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி இன்னொரு தடவை பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"லக்கேஜ் எங்க சார்? பசங்களை விட்டுத் தூக்கச் சொல்லவா?"

"வேண்டாம் வேண்டாம். அதெல்லாம்... ஸ்டேஷன்லயே இருக்கு."

"தனியாவா?"

ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய். வேறு வழியில்லை.

"என் மச்சான் பாத்துட்டு இருக்கான்."

"எனக்கு மாமா இருக்காரா?" என்றாள் பெரியவள், உலகமே புதிதாகப் பிறந்ததுபோல்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தாய் தகப்பனுக்கு அவள் ஒரே பிள்ளை.

"அடடா," என்றார் மேனேஜர். "அவரும் பசியோட இருப்பாரே. இங்க உக்காந்து சாப்பிட உங்களுக்கு நேரம் போதாது. எல்லாத்தையும் சூடு ஆறாம பார்சல் பண்ணித் தரேன். மச்சானுக்கும் ஒண்ணு தனியா வச்சிடறேன்."

"இல்லை சார், நாங்க இங்கயே..."

"டேய், பார்சல்!"

மனைவி அப்போதுதான் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயருகே கொண்டுபோயிருந்தாள். தட்டு அவள் கண் முன்னால் மேலே எழும்பி, மிதந்து, சமையலறைக்குள் போய் மறைந்தது. கையிலிருந்த துண்டைச் சின்னவன் பிடுங்கிக்கொண்டான்.

மருந்துக்கடைக்காரர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். போனை எடுத்துக் காதில் வைத்தார். "அப்படியா? சரி சரி," என்று யாருமில்லாத போனில் பேசிவிட்டு, "சார், அந்த வண்டி இன்னிக்கு ரத்தாம்," என்றார்.

"யாரு சொன்னா?"

"மச்சான்."

"அவருக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க," என்றார் மேனேஜர் பொறுமையாக. "நான் இங்க வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து அந்த வண்டி ஒரு நாள்கூட ரத்தானதில்லை. டாக்ஸி வந்தாச்சு. வாங்க."

நெட்டை சர்வர் பார்சல்களைத் தூக்கிக்கொண்டார். இன்னொருவர் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் ஓட்டுநரின் காதருகே குனிந்து என்னவோ சொன்னார். சீக்கிரம் போகச் சொல்கிறார் என்று மருந்துக்கடைக்காரர் நினைத்துக்கொண்டார். டாக்ஸி கிளம்பியபோது ஹோட்டல்காரர்கள் வரிசையாக நின்று கையசைத்தார்கள். கொடியிலிருந்த யானையும் அசைந்தது.

பின் சீட்டில் நாலு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மச்சானாம்," என்றாள் மனைவி, வெளியே பார்த்தபடி. "இந்த வயசுல எங்க அம்மாவுக்கு ஒரு பிள்ளையைப் பெத்துக் குடுத்திட்டீங்க."

"வாய் தவறி வந்துடுச்சு."

"ஸ்டேஷன்ல போய் இறங்கி என்ன பண்றதா உத்தேசம்?"

"வேற டாக்ஸி பிடிச்சுத் திரும்பி வந்துடலாம்."

"இவ ரயிலைப் பாத்தப்புறமா? வந்துடுவாளா?"

அவர் ரொம்பப் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. ஒரு தட்டு, இரண்டு கை. அதைக்கூடச் செய்து கொடுக்கத் துப்பில்லாதவனாகப் போய்விட்டோமே!

டாக்ஸி ஏரிக்கரையில் மெதுவாகப் போனது. அலுங்காமல், குலுங்காமல், தொட்டில்போல் போனது. கரையோரம் ஒரு சிவப்புப் படகு கட்டிக் கிடந்தது.

"அப்பா... ரயில்ல... மாமா மடியில நான்..." என்ற பெரியவளின் தலை அவர் தோளில் சாய்ந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சின்னவன் கொட்டாவி விட்டான். மனைவியின் தலைமுடியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவர் மெல்ல, வெடிகுண்டை வாங்குவதுபோல், அவனை வாங்கித் தன் மறு தோளில் போட்டுக்கொண்டார்.

இருவரும் கொஞ்ச நேரம் அசையவில்லை.

பிறகு மனைவி தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தாள், யாரோ திருப்பிக் கொடுத்த பொருள்போல.

"பார்சலைப் பிரி," என்றார் அவர், குரலே வெளிவராமல்.

பிரித்தாள். காருக்குள் ஆவி பறந்தது. ரொட்டியை இரண்டு கையாலும் பிய்த்தாள். வாயில் போட்டுக்கொண்டு "ஸ்ஸ்" என்று நாக்கை வெளியே நீட்டினாள்.

"என்னம்மா?"

"சுடுது," என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்தாள்.

மீன் போனது. சோறு போனது. நடுநடுவே அவருக்கும் ஊட்டினாள். அவருடைய இரண்டு தோளும் பிள்ளைகளிடம் இருந்தன. கடைசியாக, தனியாகக் கட்டியிருந்த பொட்டலத்தை எடுத்தாள்.

"இது என் தம்பியோட பங்கு."

"சாப்பிடு."

"நல்ல தம்பிங்க. அக்காவுக்குன்னு விட்டுட்டுப் போயிட்டான்."

அதையும் முடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். சிவப்புப் படகு வந்தது. இதற்கு முன்பும் ஒரு சிவப்புப் படகு வந்த ஞாபகம். அதற்கு முன்பும். ஒரே ஏரிக்கு எத்தனை சிவப்புப் படகு?

"அண்ணே," என்று முன்பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். "ஸ்டேஷன் இன்னும் ரொம்ப தூரமா?"

ஓட்டுநர் கண்ணாடியில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்தார், காலிப் பொட்டலங்களைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த ஊருக்கு ரயிலே கிடையாது சார், பிள்ளைங்க தூங்கி, அம்மா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஏரியைச் சுத்திட்டு, யானை ஜட்டி காயற லாட்ஜ்ல இறக்கி விடச் சொல்லித்தானே மேனேஜர் அனுப்பினாரு!"