தூதர் முகத்தில் யாரும் உட்காரக் கூடாது

ஒரு மனிதர் எவ்வளவு பெரியவர் என்பது அவர் செத்த பிறகுதான் அரசாங்கத்துக்குத் தெரியவரும். கானா நாட்டின் கேப் கோஸ்ட்டில் காலமான தூதர் ஜோசையா எபோ அமிசா எவ்வளவு பெரியவர் என்று கண்டுபிடிக்க ஒரு குழுவே போட்டார்கள்.

குழுவுக்குத் தலைவர் நார்ட்டே. தலைநகர் அக்ராவிலிருந்து வந்த மரபு அதிகாரி. சவ ஊர்வலத்தில் யார் முன்னால் நடப்பது, யார் யாருக்குப் பின்னால் அழுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

தூதரின் மனைவி அராபாவுக்கு ஒரே கவலைதான். கண்ணை மூடுவதற்கு முன்னால் அவர் சொல்லியிருந்தார்: "அந்த நாடு, இந்த நாடுன்னு ஊதுவாங்க. ஊதட்டும். பெஞ்சைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, போதும்."

பெஞ்சு என்றால், வெளிநாடு போகிறவர்களின் காகிதங்களுக்கு முத்திரை குத்தும் இலாகாவின் பெஞ்சு. ஊர் திரும்பியதும் அந்த இலாகாவைக் கொஞ்ச காலம் நடத்தியவர், வெயிலில் நின்ற சனங்களுக்காகப் போட்டது. அவர்கள் நிற்கும்போது தான் உட்கார்ந்தால் மதியச் சோறு இறங்கவில்லை என்பார்.

"பெஞ்சா?" என்றார் நார்ட்டே. "அம்மா, அவர் ஐ.நா. சபையிலே பேசினவர். அமைச்சர் வாசிக்கப்போற அஞ்சலி பதினாலு பக்கம். இதுல பெஞ்சை எங்கே போடறது?"

"கடைசியிலயாவது போடுங்க."

"பரிசீலிக்கிறோம்."

பரிசீலிக்கிறோம் என்றால் இல்லை என்று அர்த்தம். ஆயுசு முழுக்க ஒரு தூதரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாதா? நார்ட்டே ஜோலோஃப் சோற்றில் கை வைக்கும் நேரமெல்லாம் எதிரே போய் நின்று "பெஞ்சு?" என்றாள். நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமே என்று, பதினாலாம் பக்கத்தின் அடியில் அவர் ஒரு வரி சேர்த்தார்.

ஆனால் அராபாவின் கவலை தீரவில்லை. பதினாலாம் பக்கம் வரும்போது சபையே நாற்காலியில் வாய் பிளந்து தூங்குமே. அந்த வரியை யார் கேட்பது?

அதற்குள் துணி வந்தது; அமைச்சர் முதல் சாவுக்கு வரும் எல்லாருக்கும் ஒரே துணி. இப்போதெல்லாம் சாவுக்கு வெறும் கறுப்பு வெள்ளை உடுத்தினால் பாசமில்லாத குடும்பம் என்பார்கள். செத்தவர் முகம் அச்சடித்திருக்க வேண்டும். தையற்காரி எசி அராபாவின் உடுப்பைக் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்த அராபா அலுப்போடு நாற்காலியைப் பார்த்துக் குனிந்தாள்.

"ஐயோ அக்கா, உட்காராதீங்க! பின்னாடி பெரியவர் இருக்கார்!"

"பார்த்து வெட்டக் கூடாதா?"

"எங்கே பார்க்கறது? சாணுக்கு ஒரு பெரியவர். முன்னாடி வெச்சா பின்னாடி வந்து சிரிக்கறார்."

அராபா அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக நிமிர்ந்து, நேரே நார்ட்டேயிடம் போனாள்.

"ஐயா, எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா அமைச்சர் என் வீட்டுக்காரர் மூஞ்சி மேல உட்கார்றதை யாராவது படம் பிடிச்சுட்டா?"

நார்ட்டேவுக்கு வேர்த்துவிட்டது. அவசரமாகக் குழு கூடியது. வேறு துணி எடுக்கலாமே என்றார் ஒருவர்; எல்லாரும் தைத்தாகிவிட்டது என்று அவரை அடக்கினார்கள். "மேன்மை தங்கிய காலஞ்சென்ற தூதரின் திருமுகத்தின் மீது எவரும் அமர்தல் ஆகாது" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நாற்காலிகள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின.

சனிக்கிழமை. கொளுத்தும் வெயில். அமைச்சர் முதல் பக்கம் வாசித்தபோது சபை கால் மாற்றி நின்றது. இரண்டாம் பக்கத்தில் பாதிரியார் தூணில் சாய்ந்தார். முதுகிலும் தூதர் இருந்ததால், சாய்வதும் கூடாது என்று நார்ட்டே ஜாடை காட்டினார். மூன்றாம் பக்கத்தில் அமைச்சருக்கே செருப்பு கடித்தது. அவர் கனைத்துவிட்டு ஒரே புரட்டாகக் கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்குத் தாவினார்.

"நின்றவர்களுக்கு அவர் ஒரு பெஞ்சு போட்டார்."

"ஆமென்!" என்று கூட்டம் முனகிய முனகலில் பந்தல் ஆடியது. பலர் விம்மினார்கள். பெஞ்சுக்காகவா, முழங்காலுக்காகவா என்பது அவரவர் மனசுக்குத்தான் தெரியும். அராபா பெட்டியைத் தொட்டுச் சொன்னாள்: "சொல்லிட்டாங்க. போய்ட்டு வாங்க."

அமைச்சரும் உருகிப்போனார். "அந்தப் பெஞ்சுக்கு ஆவன செய்யுங்கள்" என்றார். ஆவன செய்தார்கள்.

என்ன செய்தார்கள் என்று, டொரோன்டோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதற்காகக் காகிதத்தோடு இலாகாவுக்குப் போன அன்றுதான் அராபாவுக்குத் தெரிந்தது. வரிசை வாசல் தாண்டி நின்றது. அவள் முழங்கால் விண்விண் என்று தெறித்தது. சுவரோரம் அந்தப் பெஞ்சு, மெருகு ஏற்றி, பூ வைத்து. மேலே மிச்சத் துணியை இழுத்து ஆணி அடித்திருந்தார்கள். சாணுக்கு ஒரு தூதர் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அராபா பெருமூச்சு விட்டு உட்காரக் குனிந்தாள்.

"ஏம்மா!" வரிசையே கத்தியது. "கண்ணு தெரியலையா? பெரிய மனுஷன் மூஞ்சில போய் உட்கார்றியே!"

"அவர் என் வீட்டுக்காரர்."

"அப்போ உனக்குத்தானே இன்னும் மரியாதை வேணும்?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி, வீங்கின காலை மாற்றி வைத்து, இடுப்புப் பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு ஏற்றிக்கொண்டே.

அராபா நிமிர்ந்து வரிசையில் நின்றாள். ஜன்னலுக்கு உள்ளே அதிகாரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலியில் யார் முகமும் இல்லை.