நாலு கடையும் திருஷ்டி பொம்மையும்

ஒரு காட்டில், தார்ரோடு வந்து முட்டி நின்றுபோன இடத்துக்குப் பக்கத்தில், மாசிலாமணி என்று ஓர் ஆமையார் இருந்தார். அவருக்கு வீட்டுக் கவலை கிடையாது. வீடு முதுகிலேயே இருந்தது. தின்பதற்குக் கோரையும் கொழுந்துமாகச் சொந்தக் குளக்கரை. இப்படி நிம்மதியாக இருக்கிறவரைத்தானே புரோக்கர் தேடி வருவான்? வந்தது, கோவர்த்தனன் என்கிற உடும்பு.

“அண்ணே, வர்ற வருஷம் வீடு, மனையெல்லாம் படுத்துக்கும். கடைதான் எழும்பும். காட்டு முகப்பிலே காட்டெருமை நாலு கடை கட்டியிருக்காரு. குளக்கரையை அவருக்கு மாத்திவிடுங்க, நாலும் உங்களுக்கு. மாசாமாசம் வாடகைக் கீரை கட்டுக் கட்டா வந்து விழும். உக்காந்து தின்னலாம்.”

“நான் இப்பவும் உக்காந்துதானேப்பா தின்னுறேன்?”

“இது முதலீடுண்ணே!”

உடும்பு பிடித்தால் விடுமா? சாயங்காலத்துக்குள் இடம் கைமாறிவிட்டது.

கட்டடம் என்றால் கண் படும். டவுனில் பார்த்துவந்த மாதிரியே உடும்பு ஒரு திருஷ்டி பொம்மை செய்து வாசலில் நிறுத்தியது. பானைத் தலை, கரிமீசை, தொங்கும் நாக்கு, வைக்கோல் திணித்த சட்டை பேண்ட். ஆமையார் உயரத்துக்குத் தெரிந்தது இரண்டு வைக்கோல் கால்தான். “லட்சணமா இருக்கு” என்றார்.

‘கடை வாடகைக்கு’ என்று போர்டு மாட்டினார்கள். தேன் கடை வைக்கக் கரடி வந்தது. வாசலைப் பார்த்ததும், “வீட்டிலே கேட்டுட்டு வர்றேன்” என்று ஓடியது. மூலிகைக் கடை வைக்க வந்த கீரி, “அடுப்பிலே பால் வச்சுட்டு வந்துட்டேன்” என்று ஓடியது. மழைக்காலம் வந்தது, போனது. கடையில் ஈ கூட உட்காரவில்லை. ஆமையாரின் மனைவி மரகதம் காய்ந்த சருகை மென்றுகொண்டே, “கட்டுக் கட்டா கொட்டுது, வந்து அள்ளுங்க” என்பாள்.

உடும்பு ஒரு நிபுணரைக் கூட்டி வந்தது. ஆந்தை. பகலில் கண் தெரியாது. அதனால் வரப்போவதைப் பற்றி மட்டும்தான் பேசுவார். பொம்மையின் தலைமேலேயே சௌகரியமாக உட்கார்ந்து, “குரங்குகளெல்லாம் இப்போ மரத்திலிருந்தே வேலை பார்க்குதுங்க. கடைத்தெருவுக்கு யாரு இறங்குவா? அடுத்த வருஷம் முன்பாதி சுமார், பின்பாதி அமோகம்” என்றார்.

“முன்பாதியிலே என்னத்தைத் தின்கிறது?” என்றாள் மரகதம்.

“கண்ணு பட்டிருக்கு அண்ணி. கடைக்கு ஒரு பொம்மை வச்சிடுவோம்” என்றது உடும்பு. வைத்தார்கள். நாலு பொம்மை ஆயிற்று.

அடுத்து வந்த காட்டுப்பன்றி புதருக்குள் பாய்ந்தது. மரகதம் விடவில்லை.

“ஏன் தம்பி ஓடுறே?”

“ஓடாம? வாசல்லே அளவெடுக்கிற ஆளுங்க நாலு பேரு நிக்கிறானுங்க ஆத்தா! நாங்க குடியிருந்த மேட்டை அளந்துட்டுப் போனவனுக்கும் இதே மீசை!”

மரகதம் கழுத்தை முழுசாக நீட்டி அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சொல்ல வேண்டியதில்லை, கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

“இழுய்யா இவனுங்களை. குளத்திலே கொண்டுபோய்த் தள்ளு.”

இருவருமாக ஒரு பொம்மையை இழுத்துப்போய்க் கரையில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். சேற்றில் கிடந்த காட்டெருமை கண் விழித்தது. மீசையைப் பார்த்தது.

“ஐயோ, அளக்க வந்துட்டான்!”

ஓடிய ஓட்டம் அடுத்த காட்டில்தான் நின்றதாம்.

ஆமையார் கோரையை ஒரு வாய் மென்றார். “மரகதம், இதுதான்டி முதலீடு” என்றார்.

செய்தி பரவியது. “சித்தப்பா, ஊத்துப் பக்கம் எருதுங்க தொல்லை. ஒரு பொம்மை வாடகைக்குக் கிடைக்குமா?” என்று மான் வந்தது. தேன்மரத்துக்கு வேண்டும் என்று கரடி வந்தது. எல்லோருக்கும் அது வைக்கோல் என்று தெரியும். ஆனாலும் அடுத்தவன் பொம்மையைக் கண்டால் ஓடத்தான் செய்தார்கள். நாலு கடையிலும் கூரை முட்டப் பொம்மை செய்து அடுக்கினார் ஆமையார். வாடகைக் கீரை வாசலில் கிடந்து வாடியது.

ஆந்தை ஒரு பானைத் தலைமேல் வந்து உட்கார்ந்தார். “பின்பாதி அமோகம்னு சொன்னேனா இல்லையா? ஒரு கடையாவது காலியா இருக்கா, பாருங்க!”

நீதி: வருகிற வருஷம் இடத்தில் முதல் போடாதே, இடத்தில் இருப்பவனை ஓட வைப்பதில் போடு.