கடைசித் திருகர்

கடைசித் திருகர் என்றோர் இனம் உண்டு. வேலை நடக்கும்போது இவரைக் காண முடியாது; முடிந்த மறுநிமிஷம் இவர் வராமல் இருக்க மாட்டார். ஈப்போ பஸ்ஸில் நீங்கள் அளவாகத் திறந்து வைத்த சன்னலை இரண்டு விரற்கடை இறக்குவார். கல்யாண வீட்டில் சமையற்காரர் மூடி வைத்த சாம்பாரைத் திறந்து ஒரு சிட்டிகை உப்புப் போடுவார். புந்தோங் கோயிலில் ஒலிபெருக்கியைச் சரிசெய்த ஆள் இறங்கிப் போனதும், அதன் வாயைச் சற்றே வலப்பக்கம் திருப்பி, அதுவரை பாடிக்கொண்டிருந்ததை அலற வைப்பார். எதையும் தொடங்கத் தெரியாது. முடித்து வைக்க மட்டும் இவர் வேண்டும்.

"எல்லாம் சரிதான். ஆனா..." என்பது இவருடைய மந்திரம். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வார்த்தை வராது, கை வரும்.

இந்த இனத்தின் சிகரம், சிலிம் ரிவருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மண்டோர் அர்ச்சுனன். எண்பத்து மூன்றாம் வருஷம் அங்கே ரப்பரை வெட்டிச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தார்கள். இடைநிலத்தில் புல் மண்டாமலிருக்க மூடுகொடி விதைக்க வேண்டும். அதற்குக் காற்றால் விதை ஊதும் மிஷின் ஒன்று வந்து சேர்ந்தது. டிராக்டருக்குப் பின்னால் ஒரு காற்றாடி, எட்டுக் குழாய், ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. ஒரே காற்றை எட்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று அதிகம் இழுத்தால் இன்னொன்றுக்கு மூச்சு முட்டும். அர்ச்சுனனுக்கு இது புரியாது என்று சொல்லமாட்டேன். புரிந்துகொள்ள அவர் குனிந்ததில்லை.

மங்களம் குனிந்தாள். புல்வெட்டும் கும்பலிலிருந்து விதை நிரப்ப வந்தவள். எட்டுக் குழாய் வாயிலும் துணிப்பை கட்டி, டிரைவர் சீனியைக் காற்றாடியை ஓட்டச் சொல்லி, பைகளைத் தராசில் நிறுத்து, கனத்ததன் திருகை இறுக்கி, இளைத்ததைத் தளர்த்தி, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்து, மூன்று நாள் போராடினாள். எட்டும் ஒரே எடை. கொடி ஒழுங்காக முளைத்தால் மிஷின் வேலை அவளுக்கே என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லியிருந்தார். இல்லாவிட்டால்? பழையபடி வெயிலும் புல்லும்.

விதைக்கும் காலை மண்டோர் வந்தார். முதல் குழாயின் முன் உள்ளங்கையை நீட்டி, நாடி பார்க்கும் வைத்தியர்போலக் கண்ணை மூடினார்.

"எல்லாம் சரிதான் மங்களம். ஆனா இதுல காத்து கொஞ்சம் கம்மி லா."

"தொடாதீங்க மண்டோரே! எட்டையும் நிறுத்து வெச்சிருக்கேன்."

"நீ நேத்து வந்தவ. என் கைக்குத் தெரியாதா? சும்மா ஒரு கால் சுத்து."

டிராக்டர் மேலிருந்து சீனி குரல் கொடுத்தான்: "கை அரிச்சா சொறிஞ்சிக்குங்க மண்டோரே, மிஷின விட்டுடுங்க!"

சுற்றியாயிற்று. "இப்பத்தான் மிஷினு மிஷின் மாதிரி ஊதுது" என்று அன்று மாலை கள்ளுக்கடை முழுக்கச் சொல்லியுமாயிற்று.

மூன்று வாரத்தில் நிலம் உண்மையைச் சொன்னது. முதல் குழாய் போன வழியெல்லாம் கொடி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கொழுத்துக் கிடந்தது. ஏழாவதும் எட்டாவதும் காற்றில்லாமல் விதை அடைத்துக்கொண்ட குழாய்கள். அவை போன வழியில் வெறும் செம்மண். துரை ஜீப்பை விட்டு இறங்கினார். "கடைசியாத் திருகுல கை வெச்சது யாரு?"

ஆயுள் முழுக்க எதிலும் கடைசிக் கை தன்னுடையதே என்று மார்தட்டிய மனிதர், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொடவே இல்லீங்க துரை. அந்தப் பொம்பளதான் மூணு நாளா நோண்டிக்கிட்டு இருந்துச்சு."

சீனி வாயைத் திறந்தான். மண்டோர் பேசியபின் டிரைவரைக் கேட்கும் வழக்கம் துரைக்கு இல்லை.

மறுநாள் மங்களம் புல்வெட்டும் கும்பலில் நின்றாள். மண்டோர் மேற்பார்வைக்கு வந்தபோது நிமிராமலே சொன்னாள்: "வாங்க மண்டோரே. இந்தப் பக்கம் வெட்டி முடிச்சிட்டேன். உங்க பங்குக்கு ஒரு புல்ல நட்டுட்டுப் போங்க."

இப்படிப்பட்ட ஆளை நானும் பார்த்திருக்கிறேன் என்று தலையாட்டுகிறீர்கள். நல்லது. யாரோ மூன்று நாள் குனிந்து முடித்ததை நீங்கள் 'சும்மா பார்த்த' சமயங்களையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்களேன். ஒன்றுகூட நினைவில்லையா? எதையும் தொட்டதே இல்லையா? நம்புகிறேன். மண்டோரும் இதே முகத்தோடுதான் சொன்னார்.