மாப்பிள்ளை புறம்போக்கான விவரம்

அன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மேட்டுப்பாளையம் பாக்கு மண்டி உயர்திரு சென்னகேசவன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் சம்பந்தியாகவிருக்கும் (எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு) ஓய்வுபெற்ற நில அளவர் சென்னிமலை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கு நலம் குறைந்திருந்தால் அதற்குக் காரணம் அடியேன் என்பதால் இந்த விளக்கம்.

என் மகன் கிருபாசங்கர், தென்னைக்குத் தண்ணீர் விடும் நாளைக் கணக்கிட ஒரு புரோகிராம் எழுதி, பலரும் எழுதிய புரோகிராம்களைத் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கும் ஒரு பேக்கேஜ் பட்டியலில் போட்டிருக்கிறான். அந்தப் பட்டியலைத் தமிழுக்குக் கொண்டுவரும் குழுவினர், ஒரு புரோகிராமை அடுத்தவங்க எந்த அளவுக்கு எடுத்துக்கலாம்னு சொல்ற லைசென்ஸ் வகைகளுக்குப் பேர் வெச்சுக் குடுங்கன்னு என்கிட்டக் கேட்டாங்க. முப்பத்தி நாலு வருசம் சங்கிலி போட்டு நிலம் அளந்தவனுக்கு இதொரு வேலையாங்க? ஒருத்தருக்கே சொந்தம், அடுத்தவன் கை வெக்கக்கூடாதுன்னா பட்டா. எடுத்து மாத்திக்கலாம், ஆனா மாத்துனதையும் ஊருக்குத் தொறந்தே விடணும்னா வண்டித்தடம். காட்டை யார் வாங்குனாலும் தடத்தை அடைக்க முடியாதில்லீங்களா? எனக்கு உரிமையே வேண்டாம், எல்லாருக்கும் பொதுன்னு எழுதிக் குடுத்துட்டாப் புறம்போக்கு. அவங்களும் அப்படியே ஏத்திப்போட்டாங்க.

பையனுக்கு மனசு பெருசு, பொதுன்னே குடுத்துட்டான். உங்க தம்பி, மாப்பிள்ளையை விசாரிக்கறேன்னு போன்ல தேடி, "கிருபாசங்கர், வகை: புறம்போக்கு"ன்னு உங்க ஊட்டுச் சனம் பூரா இருக்கையில சத்தமாப் படிச்சாராமுங்க. நீங்களும் நிச்சயம் பண்ண வெச்சிருந்த உப்புச்சர்க்கரை நாளை நிறுத்திப்போட்டீங்க. ஏனுங்க, ரெவின்யூ ரெக்கார்டுல அது வசவாங்க? குளம், ரோடு, ஊர்க்கோயில் நிக்கற இடம் முச்சூடும் புறம்போக்குத்தானுங்க. பேரை மாத்தறதுக்கில்லீங்க, அதுல எனக்குத் துளி சந்தேகமில்லை. ஆனா கம்ப்யூட்டர் படிச்ச உங்க பொண்ணு ரித்திகா எம்பட ஊட்டுக்கு வரணும்னு ரொம்ப ஆசைங்க, அதை மறைக்கத் தெரியலை. அதனால பையனை உக்கார வெச்சு, புரோகிராமை வண்டித்தடத்துக்கு மாத்த வெச்சுப்போட்டேன். இனி நம்ம ரெண்டு குடும்பத்துல ஒருத்தர்கூடப் புறம்போக்குக் கிடையாது. தைரியமா நாள் குறிங்க.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் ரித்திகா அம்மணிக்கு ஆசியும் உரித்தாகுக. தங்கள் தம்பிக்குத் தமிழ் அகராதி ஒன்று தனித் தபாலில் வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சென்னிமலை

பி.கு.: கவரை ஒட்டப்போகையில ரித்திகாவே போன் பண்ணுச்சுங்க. "மாமா, நீங்க வெச்ச பேரு சரியாத்தானுங்க இருக்குது, அவரு எதுக்கு மாத்துனாரு?"ன்னு கேட்டு, பையனை ஒரு பிடி பிடிச்சுப்போட்டு, தான் எழுதுன புரோகிராமையும் அதே வகையில சேத்துப்போட்டேன்னு சொல்லுச்சு. பையனும் அப்பவே திரும்பப் புறம்போக்குக்கே மாத்திப்போட்டான். ரெண்டு பேரும் இப்ப அடுத்தடுத்த வரியில புறம்போக்கா இருக்கறாங்க. தயவு பண்ணி உங்க தம்பி கையில போனைக் குடுத்துப்போடாதீங்க.