கந்துக சித்தரின் முந்நூற்றொரு ரூபாய்ப் பந்து

தலைவிதியின் விலை பதினொன்றே கால் ரூபாய். சிவப்புத் துணியில் முடிந்து, மஞ்சள் நூல் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். கொஞ்சம் உசந்த தலைவிதி வேண்டுமென்றால் ஐம்பத்தொன்று. ராஜயோகத்தோடு கூடியது முந்நூற்றொன்று. திண்டுக்கல் ரயிலடிக்கு எதிரே சோலைமுத்துவின் லாட்ஜ் மாடியில் கிடைக்கும். காலை ஆறு மணிக்கே வரிசை, படிக்கட்டு தாண்டித் தெருவரைக்கும்.

விற்பவர் கந்துக சித்தர். கந்துகம் என்றால் பந்து; முடிச்சுக்குள் இருப்பது அதுதான். பந்து என்று சொன்னால் எவனும் மூன்று ரூபாய்க்கு மேல் தரமாட்டான், அதனால் கந்துகம்.

அதுவும் சாதாரணப் பந்தில்லை, கோல்ஃப் பந்து. கொடைக்கானலில் துரைமார் புல்தரையில் வைத்து மட்டையால் அடித்துவிட்டு, அது போன திக்கிலேயே நடந்து போய், மறுபடி அடித்து, கடைசியில் ஒரு குழிக்குள் தள்ளிவிட்டுச் சந்தோஷப்படுவார்களே, அந்த வெள்ளை உருண்டை. அதற்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன உறவு என்றால், வியாபார உறவுதான். ஐம்பத்தைந்தாம் வருஷம் மலைமேல் எஸ்டேட் துரைமார் ஆர்டர் பேசுவதை ஆபீஸில் நிறுத்திவிட்டு மைதானத்தில் வைத்துக்கொண்டார்கள். தோல் விற்க வந்தாலும் சாக்கு விற்க வந்தாலும் ஒரே பதில்: "ஞாயிற்றுக்கிழமை வா, ஒரு ஆட்டம் போட்டுக்கிட்டே பேசலாம்." ஆகவே திண்டுக்கல் வியாபாரிகள் ஏழு பேர் வேட்டியை அவிழ்த்துக் கால்சட்டை மாட்டிக்கொண்டு, மலைக்கோட்டைக்குக் கீழே வறண்டு கிடந்த குளத்தில் மட்டை சுழற்றப் பழகினார்கள். அங்கே மேய்ந்த மாடுகள் உயிருக்குப் பயந்து வேறு குளம் தேடிப் போயின.

அந்த ஏழு பேரில் ஒருவர்தான் நாச்சிமுத்து. பூட்டுப் பட்டறை வைத்திருந்தார்; பன்னிரண்டு ஆள் வேலை. எஸ்டேட் கம்பெனிக்குக் கூலிக்காரர் வீடுகளுக்கும் சரக்குக் கிட்டங்கிக்குமாக இரண்டாயிரம் பூட்டு வேண்டியிருந்தது. கிடைத்தால் பட்டறைக்கு ஒரு வருஷச் சோறு. கிடைக்காவிட்டால் தீபாவளி கழிந்ததும் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். துரையோ பூட்டைப் பார்க்கவே இல்லை. "மூணாவது குழிக்கு முன்னால ஒரு குட்டை இருக்கு. பந்தை அதைத் தாண்ட வச்சுட்டு வா, பேசுவோம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

நாச்சிமுத்து அடித்தால் பந்து குட்டையைத் தாண்டுவது இருக்கட்டும், தன் நிழலைத் தாண்டாது.

பழக்கிவிடுவதற்கென்று மலையிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். மைதீன் பிச்சை. இருபது வருஷமாகத் துரைமாருக்கு மட்டைப் பை சுமந்தவர். தினக்கூலி எட்டணா. முதல் நாளே சொன்னார்: "முதலாளி, பந்துல ரகம் இருக்கு. ஓங்கி அடிக்கிறவுகளுக்கு இறுக்கமான பந்து. மெதுவா அடிக்கிறவுகளுக்கு மெத்துன்னு இருக்கிற பந்து. புதுசாப் பழகுறவுகளுக்குத் தொலைஞ்சா வயிறு எரியாத பந்து. இம்புட்டுத்தான் விஷயம்."

யார் கேட்பார்கள்? எட்டணா வாங்குகிறவனுக்கு என்ன தெரியும்!

கந்துக சித்தருக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. பந்தும் உருண்டை, கிரகமும் உருண்டை. எனவே பந்தே கிரகம். பந்தின்மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் அச்சடித்திருக்கிறதே, வெள்ளைக்காரன் அதை வேலையற்றுப் போயா அச்சடித்தான்? ஒன்று சூரியன், இரண்டு சந்திரன், மூன்று குரு. சாதகத்தைப் பார்ப்பார். துணி முடிச்சு ஒன்றை எடுத்து, வந்தவர் நெற்றியில் வைத்துக் கண்ணை மூடுவார். "ஏத்துக்கிச்சு!" என்பார். அவ்வளவுதான், காசை எடு.

இங்கேதான் திண்டுக்கல் கவிழ்ந்தது. மட்டை பழகிய ஏழு பேரில் தோல் மண்டி கிதர் முகம்மது ராவுத்தர் இருக்கிறாரே, அவர் முப்பது வருஷமாக எதையும் சொன்ன விலைக்கு வாங்கியவரில்லை. வைத்தியரிடமே பேரம் பேசி ஒரு ஊசியைக் குறைத்தவர். "எங்க மார்க்கத்துல சோசியம் ஆகாது. ஆனா இது பந்துதானே" என்று தமக்குத்தாமே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மாடி ஏறினார்.

"பத்து ரூபாய்க்குக் குடும் சாமி."

சித்தர் முடிச்சைப் பெட்டிக்குள் போட்டார். "அடுத்தவர்."

ராவுத்தருக்கு வேர்த்துவிட்டது. சித்தர் பதினொன்றுக்கு இறங்கவுமில்லை, பத்தரைக்கு இறங்கவுமில்லை, சத்தியம் பண்ணவுமில்லை, 'உங்களுக்காக' என்று ஒரு வார்த்தையுமில்லை. பாதிப் படி இறங்கியவர் திரும்பி ஓடிப் பதினொன்றே காலை எண்ணி வைத்தார். சாயங்காலத்துக்குள் கடைவீதி பூராவும் ஒரே பேச்சு: "சல்லிக்காசு குறைக்கமாட்டேங்குறாருய்யா! அப்ப சரக்கு சத்தியமாத்தான்யா இருக்கணும்!"

பேரம் பேசியே பிழைக்கிற ஊரில், பேரம் பேசாதவன் கடவுளாகிவிட்டான்.

அதற்குப் பிறகு பந்து நன்றாகப் பறந்தால் சித்தர் மகிமை. மண்ணில் உருண்டால் அடித்தவருக்குச் சனி. அடுத்த ரகம் வாங்க வேண்டும். கோல்ஃப் என்றால் தின்பதா, பூசுவதா என்று தெரியாதவர்களும் வரிசையில் நின்றார்கள். சித்தையன்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் வெண்டைக்காய்த் தோட்டத்துக்கு என்று ஒன்று வாங்கினார். மகள் கல்யாணம் தட்டிப் போகிற ஒரு தகப்பன் இரண்டு வாங்கினார், மாப்பிள்ளைக்கும் சேர்த்து.

நாச்சிமுத்துவின் முறை வந்தது. சித்தர் சாதகத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "குட்டைன்னா ஜலம். உங்களுக்கு ஜலகண்டம். சாதாரணக் கந்துகம் தாண்டாது. ராஜயோகக் கந்துகம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. முந்நூத்தொண்ணு. வெள்ளிக்கிழமை குளத்துக்கு வந்து நானே கையில தாரேன்."

பட்டறைப் பெட்டியில் முந்நூற்று இருபது இருந்தது. சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி, திங்கட்கிழமை பித்தளைத் தகடு, எல்லாம் அதில்தான். நாச்சிமுத்து வீட்டுக்குப் போய்ப் பெட்டிச் சாவியைக் கேட்டார்.

சாவி பேச்சாயி இடுப்பில் இருந்தது. நாச்சிமுத்துவின் மனைவி. பட்டறையில் கடைசி வேலை அவளுடையது. முடிந்து வருகிற ஒவ்வொரு பூட்டையும், அதன் சாவியை விட்டுவிட்டு மற்றப் பூட்டுகளின் சாவியைப் போட்டுத் திருகிப் பார்ப்பாள். ஒன்றுக்கு அசைந்தாலும் பூட்டு குப்பைக்கு.

"எதுக்கு?"

"பந்துக்கு."

"எம்புட்டு?"

சொன்னார். அவள் கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அது உங்க பந்துன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"நெத்தியில வச்சாத் தெரியுமாம்."

"அடுத்தவுக பந்தை உங்க நெத்தியில வச்சுப் பாத்தாரா?"

"அது எதுக்குடி?"

"தன் சாவிக்குத் திறக்குற பூட்டு எல்லாப் பயலும் செய்வான். அடுத்த சாவிக்குத் திறக்கக் கூடாது, அதுல இருக்கு சங்கதி. வெள்ளிக்கிழமை நானும் வாரேன். பணம் என் மடியிலயே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை குளத்தில் முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். வேர்க்கடலை விற்றது. சித்தர் குடை பிடித்த ஆளோடு வந்து இறங்கினார். பேச்சாயி ஒரு முறத்தில் ஏழு சிவப்பு முடிச்சுகளை வைத்துக்கொண்டு போய்க் கும்பிட்டாள்.

"சாமி, ஒரு தப்பு நடந்துபோச்சு. ஆறு முதலாளிமாரு பந்தையும் அவுக வீட்டுப் பொம்பளைகட்ட வாங்கிப் பாத்தேன். துணி அழுக்கா இருந்துச்சு, புதுத்துணியில முடிஞ்சேன். எல்லாம் கலந்துபோச்சு. எது யாருதுன்னு நீங்கதான் பிரிச்சுத் தரணும்."

சித்தர் சிரித்தார். "அமாவாசை இருட்டுலயும் எனக்குத் தெரியும், தாயீ."

முதல் முடிச்சை எடுத்து ராவுத்தர் நெற்றியில் வைத்தார். கண்ணை மூடினார். "ஏத்துக்கிச்சு! சந்திரன்!"

ராவுத்தர் பிரித்தார். "என்னுது ரெண்டாம் நம்பராச்சே. இதுல அஞ்சு போட்டிருக்கு?"

இரண்டாவது முடிச்சு சாக்குக்கடை அழகருக்கு. அவருடையது மூன்று, வந்தது ஒன்று. மூன்றாவதும் மாறிப் போயிற்று. நான்காவதைத் தொடுமுன் சித்தர் நிமிர்ந்தார். "இந்த முறத்துல ராஜயோகம் ஒண்ணு கலந்து உக்காந்திருக்கு! அதோட வீச்சு மத்த கிரகத்தையெல்லாம் அமுக்குது!" என்று மீதியை ஒவ்வொன்றாகத் தடவி, ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "இதேதான்! என் பெட்டியில இருக்கிறதைவிட உசத்தி!" நாச்சிமுத்துவின் நெற்றியில் வைத்து அழுத்தினார். "ஏத்துக்கிச்சு! ஏத்துக்கிச்சு!"

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. நாச்சிமுத்து நூலை அவிழ்த்தார்.

உள்ளே ஓர் உருளைக்கிழங்கு.

"அதுவும் மலையிலேர்ந்து வந்ததுதான் சாமி," என்றாள் பேச்சாயி. "வீசை ஆறணா."

சிரிப்பு எழுந்தது. ஆனால் உருளைக்கிழங்குக்கெல்லாம் அசைகிற நம்பிக்கையா அது? "ஏன், கெழங்குல கிரகம் இருக்கக் கூடாதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "கெழங்கும் உருண்டைதானய்யா!" நாலைந்து தலை ஆடிற்று. சித்தர் அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தப்பியிருப்பார். பயந்துவிட்டார்.

"சரி தாயீ, முந்நூத்தொண்ணு வேணாம். இருநூறு குடு, என் பந்தை வச்சுக்க."

ராவுத்தரின் காது விடைத்தது.

"என்ன சொன்னீரு?"

"நூத்தம்பது."

"பாத்துச் சொல்லும்," என்றார் ராவுத்தர், தன்னை அறியாமல்.

"எழுபத்தஞ்சு. உங்களுக்காக."

"முப்பது."

"கட்டாது முதலாளி! நாப்பது குடுங்க!"

"அடப்பாவி!" ராவுத்தர் மார்பில் அறைந்துகொண்டார். "விலையைக் குறைக்கிறான்யா! இவன் சித்தன் இல்லய்யா, நம்மள மாதிரி வியாபாரிய்யா!"

கிழங்கு செய்யாததை இந்த ஒரு வார்த்தை செய்தது. மைதீன் பிச்சை ஒரு பந்தை வாங்கி நகத்தால் சுரண்டினார். வெள்ளைப் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் மட்டை வெட்டிய தழும்பு. "இது குட்டையில ஊறிக் கெடந்த பந்து. மலையில எங்க ஆளுககிட்ட நாலணா வீதம் சாக்குல அள்ளிக்கிட்டுப் போன மகராசன் இவருதானா! மேல இருக்கிற இந்தச் சின்னக் குழிகதான் பந்தைப் பறக்க வைக்கும். பெயின்ட்டை அப்பி அதையும் மூடிப்புட்டாரு."

"அப்ப நம்பரு?" என்றார் ராவுத்தர்.

"நாலு பேரு ஒரே கம்பெனி பந்தை அடிச்சா யாருது எதுன்னு தெரிய வேணாமா? அதுக்குப் போட்டது."

சித்தர் குடையைக் கூட எடுக்கவில்லை. கொடைரோடு பக்கம் போகிற பஸ்ஸில் அவர் தொற்றியதை வேர்க்கடலைக்காரர் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மலைமேல், மூன்றாவது குழி. மைதீன் பிச்சை பையிலிருந்து பழைய பந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "நீங்க பூட்டுக்கு எண்ணெய் விடுற மாதிரி அடிக்கிறீக முதலாளி. மெத்துன்னு இருக்கு, இதுதான் உங்களுக்கு."

"குட்டையைத் தாண்டுமா?"

"ஒரே அடியில தாண்டாது. குட்டைக்கு முன்னாடி நிப்பாட்டுங்க. கிட்டத்துல இருந்து ரெண்டாவது அடி அடிங்க."

அப்படியே செய்தார். இரண்டாவது அடியில் பந்து தண்ணீரை உரசுகிற மாதிரி போய் அக்கரைப் புல்லில் விழுந்தது. துரை ஓங்கி அடித்தான். அவன் பந்து குட்டைக்குள் போயிற்று. பிறகு, "எங்கே உன் பூட்டு?" என்றான். பேச்சாயி கட்டிக் கொடுத்த பத்துப் பூட்டையும் பத்துச் சாவியையும் மாற்றி மாற்றிப் போட்டுத் திருகினான். ஒன்றும் அசையவில்லை. ஆயிரத்து எண்ணூறு பூட்டுக்கு எழுதிக் கொடுத்தான், விலையில் ஒன்றுக்கு அரையணா குறைத்து. ஆறு ஆட்கள் பட்டறையிலேயே இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை சோலைமுத்து தன் லாட்ஜைத் திறந்தபோது மாடிப்படியில் பதினான்கு பேர்.

"சித்தர் ஓடிட்டாரப்பு," என்றார் சோலைமுத்து. உருளைக்கிழங்குக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

"அது சரி," என்றார் முன்னால் நின்றவர். "அவரு இல்லாட்டிப் பரவாயில்ல. பந்து மிச்சம் இருக்கா?"

இருந்தது. சித்தர் அறை வாடகையும் கொடுக்காமல் போயிருந்தார். பந்து இரண்டு ரூபாய் என்றார் சோலைமுத்து.

ஊரே, மட்டை உன் கையில், பந்து உன் கையில், தலையும் உன் கழுத்துமேல்தான் இருக்கிறது. அன்றைய கணக்கைப் பார்த்துக்கொள்: கதையைக் கேட்டவர் பதினான்கு. கேட்டும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனவர் ஒன்பது. யோசித்துப் படி இறங்கியவர் ஐந்து. மூளை வரவு ஐந்து, பாக்கி ஒன்பது.